கணினித் திரையொப்பனை: தரம் காணும் வகை

(சங்கத்தின் வாராந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



சமயமும் தமிழும் பேசப்பெறும் இம்மேடையிலே கணினித் திரையின் ஒப்பனையைப் பற்றிப் பேசுமாறு எம்மைக் கேட்டிருக்கின்றார்கள். ஆங்கிலத்திலே 'தீம்' என்று வழங்குவதையே ஒப்பனை என்கின்றோம். "அவரவர்க்குப் பிடித்த நிறத்தை அவரவர் பூசிக்கொள்ளட்டுமே, இதிலே நன்று தீது ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது?" என்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். வாலிபரோ, "படத்தைப் பார்த்தாலே தெரிகின்றதே, இதற்கொரு சொற்பொழிவு வேண்டுமா?" என்று எண்ணுதல் கூடும். இரு திறத்தாருக்கும் எம்மிடம் உள்ள விடை ஒன்றே.

ஊர் வாசிகசாலை ஒன்றிலே பலர் மாறி மாறிப் பாவிக்கும் கணினி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலையிலே வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விண்ணப்பத்தைத் தமிழிலே தட்டெழுதுகின்றார். ஒரு மணித்தியாலம் செல்கின்றது. முடித்து மூடும்பொழுது கணினி ஒரு கேள்வி கேட்கின்றது. விடை சொல்லப் பொத்தான்கள் இரண்டு. ஒன்று 'சேமிக்கவும்', மற்றையது 'சேமிக்க வேண்டாம்'. முதல்நாள் மாலை வாலிபன் ஒருவன் ஆசையோடு போட்டுவிட்டுப் போன புதிய ஒப்பனையிலே பொத்தானின் அகலம் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைக்கப்பட்டிருக்கின்றது. ஆதலால் இரண்டு பொத்தான்களிலும் 'சேமிக்க…' என்பது மாத்திரமே தெரிகின்றது. அம்மட்டோ! எழுத்தும் சாம்பல் நிறம். பின்னணியும் சாம்பல் நிறம். அவர் ஒன்றை அமுக்குகின்றார். அவருடைய ஒரு மணித்தியால உழைப்பு இருப்பதும் போவதும் அந்த ஒரு அமுக்கலிலே தங்கியிருக்கின்றது. ஒப்பனையிலே நன்று தீது ஆராய்வது இதற்காகத்தான்.

ஒப்பனை என்பது எவற்றை மாற்றுகின்றது? சாளரத்தின் விளிம்பு, தலைப்புப் பட்டை, பொத்தான், தெரிவுப்பட்டி, உருள்பட்டை, எழுத்துரு, சின்னப் படங்கள், சுட்டியின் அம்பு, சில வேளைகளில் ஓசை ஆகிய இவற்றையே மாற்றுகின்றது. உள்ளே நடைபெறும் வேலை மாறுவதில்லை. நம் கோயில்களிலே திருவிழாக் காலத்திற் சாத்துப்படி செய்வோரைப் பார்த்திருக்கின்றோம். பூவும் பட்டும் நகையும் எத்துணை நிறைந்திருப்பினும், கைதேர்ந்தவர் சுவாமியின் திருமுகத்தையும் அபயகரத்தையும் மறைக்கமாட்டார். தேரடியிலே சனக்கூட்டத்தின் கடைசியில் நிற்கும் கிழவிக்கும் எழுந்தருளியிருப்பவர் பிள்ளையாரா முருகனா என்பது தெரிதல் வேண்டும். அழகு அதற்குக் குறைவு செய்வதில்லை. அதற்குத் துணை செய்கின்றது. கணினி தெய்வமன்று, ஆதலால் ஒப்புமையை இம்மட்டோடு நிறுத்திக்கொள்வோம்.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம். 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 இயங்குதளத்திலே நிறத்தொகுதிகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு 'ஹொட் டோக் ஸ்ராண்ட்' என்று பெயர். தெருவோரச் சிற்றுண்டிக் கடையின் பெயர் அது. கடுஞ் சிவப்பும் கடும் மஞ்சளும் கலந்த அத்தொகுதியை முழுநாளும் வைத்துக்கொண்டு வேலை செய்தவர் பொறுமையிற் பெரியவராதல் வேண்டும். 1995இலே விண்டோஸ் 95உடன், தனி விலைக்கு விற்கப்பட்ட 'பிளஸ்!' என்ற பொதி, பின்னணிப் படம், அம்பு, ஓசை எல்லாவற்றையும் ஒருசேர மாற்றும் ஒப்பனைகளைக் கொண்டு வந்தது. அப்பிள் நிறுவனம் தன் மக் ஓ.எஸ். 8.5 பதிப்பிலே விசித்திர ஒப்பனைகள் சிலவற்றை முன்னோட்டத்திற் காட்டிவிட்டு, 1998இற் பதிப்பு வெளியானபொழுது அவற்றைச் சேர்க்காமல் நிறுத்திக்கொண்டது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. நீலம், ஒலிவப் பச்சை, வெள்ளி என்னும் மூன்று சாயல்களோடு வந்தது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் மின் ஒப்பம் பெறாத ஒப்பனைகளை அது ஏற்க மறுத்தது. இளைஞர் சும்மா இருப்பார்களா? 'யூஎக்ஸ்தீம்' என்ற அமைப்புக் கோப்பையே திருத்தி, அந்தக் காவலைத் தாண்டினார்கள். ஒப்பனைக்காக இயங்குதளத்தின் உறுப்பையே அறுத்து மாற்றும் துணிவு அங்கே பிறந்தது.

லினக்ஸ் உலகத்தின் கதை வேறு. அங்கே காவலும் இல்லை, கதவும் இல்லை. கே.டீ.ஈ., க்னோம் முதலிய மேசைத்தளங்களுக்கு ஆர்வலர்கள் செய்த ஒப்பனைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவை காசு வாங்காமற் கொடுக்கப்படுபவை. காசில்லாமற் கிடைப்பதை ஆராயக்கூடாது என்றொரு கூச்சம் சிலரிடம் உண்டு. தானமாகக் கிடைத்த மாட்டையும் பால் கறக்குமா என்று பார்த்துத்தான் கொட்டிலிற் கட்டுகின்றோம்.

இனி, தரம் காணும் வகைக்கு வருவோம். ஒப்பனையைச் செய்தவர் அதனைக் காட்டுவது ஒரு படத்தினால். அப்படத்திலே மலையும் மூடுபனியும் உள்ள பின்னணி; அதன்மேல் ஒழுங்காக அடுக்கப்பட்ட மூன்று சாளரங்கள்; ஒன்றிலே பாட்டு, ஒன்றிலே கோப்புகள், ஒன்றிலே நேரமும் திகதியும். அதனைப் பார்த்து ஒப்பனையைத் தெரிவது, புகைப்படத்தை மாத்திரம் பார்த்துவிட்டுக் கலியாணம் பேசி முடிப்பது போன்றது. படத்திலே எல்லாம் சும்மா இருக்கும் நிலையில் இருக்கின்றன. வேலை செய்பவன் முன்னால் எதுவும் சும்மா இருப்பதில்லை.

ஒரு பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை நிலை? அமைதியாக இருக்கும் நிலை, அம்பு அதன்மேல் வந்து நிற்கும் நிலை, அமுக்கப்பட்ட நிலை, இப்பொழுது அமுக்க முடியாது என்று முடக்கி வைக்கப்பட்ட நிலை, விசைப்பலகையின் கவனம் அதன்மேல் நிற்கும் நிலை, அச்சாளரமே வேறொன்றுக்குப் பின்னாற் போய்விட்ட நிலை. ஆக 6. சரி என்று குறியிடும் சிறுபெட்டிக்கோ குறியிட்டது, குறியிடாதது, பாதி குறியிட்டது என மேலும் மூன்று வேறுபாடுகள் உள்ளன; அவற்றால் 6ஐப் பெருக்க 18 ஆகின்றது. இந்தப் பதினெட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று வேறாகத் தெரியும்படி வரைந்தவனே ஒப்பனைக்காரன். முதல் நிலையை மாத்திரம் அழகாக வரைந்துவிட்டு, மற்றவற்றை வேறெங்கிருந்தோ படியெடுத்து ஒட்டியவன் படக்காரன். இவ்விருவரையும் பிரித்தறிவதே பரிசோதனையின் முதற்படி.

இவற்றுள்ளே பெரிதும் புறக்கணிக்கப்படுவது விசைப்பலகையின் கவனம் நிற்கும் நிலை. 'ராப்' விசையை அமுக்க அமுக்க, ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததற்கு அக்கவனம் நகர்கின்றது. இப்பொழுது எங்கே நிற்கின்றது என்பதைச் சுற்றிலும் ஒரு கோடு காட்டுதல் வேண்டும். கை நடுக்கத்தாற் சுட்டியைப் பிடிக்க இயலாதவருக்கு அந்தக் கோடே ஊன்றுகோல். அது வடிவாக இல்லை என்று சொல்லி நீக்கிவிடும் ஒப்பனைகள் எத்தனையோ! அவற்றின் முன்னால் அம்மனிதர் இருட்டறையிற் சுவரைத் தடவுபவர் போலாகின்றார்.

அடுத்தது, முன்னிற்கும் சாளரத்துக்கும் பின்னிற்கும் சாளரத்துக்கும் உள்ள வேறுபாடு. இரண்டின் தலைப்புப் பட்டையும் ஒரே நிறமாக இருந்தால் படத்திலே ஒற்றுமை தெரியும். வேலையிலோ, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை வங்கிச் சாளரத்திலே எழுதுவதாக எண்ணி, நண்பனோடு பேசிக்கொண்டிருந்த சாளரத்திலே எழுதி அனுப்பிவிட நேரும். இதனை நாம் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நிறத்தைப் பற்றிப் பேசுகையில் "எனக்கு நன்றாகத் தெரிகின்றதே" என்று சொல்பவரோடு வாதிடத் தேவையில்லை. அளந்து காட்டலாம். எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. இரண்டும் ஒரே நிறமாயின் விகிதம் 1. வெள்ளையின்மேற் கறுப்பாயின் 21. இணையத்துக்கு நியமங்களை வகுக்கும் 'டபிள்யூ3சி' அமைப்பு 2008இல் வெளியிட்ட நெறி, சாதாரண எழுத்துக்கு இவ்விகிதம் 4.5இற் குறையலாகாது என்றும், பெரிய எழுத்துக்கு 3 போதும் என்றும் கூறுகின்றது. 2018இல் வந்த அடுத்த பதிப்பு, பொத்தானை இனங்காட்டும் கோடுகளுக்கும் குறிகளுக்கும் 3 வேண்டும் என்று சேர்த்தது. நெறி இணையப் பக்கங்களுக்கு எழுதப்பட்டதாயினும் கண் ஒன்றேயாதலால் அளவுகோல் இங்கும் பொருந்தும்.

கணினியிலே சாம்பல் நிறத்துக்கு 0 முதல் 255 வரை படிகள் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. வெள்ளைப் பின்னணியில் 118ஆம் படிச் சாம்பலில் எழுதினால் விகிதம் 4.54, தேறிவிட்டது. 119ஆம் படியில் எழுதினால் 4.48, தவறிவிட்டது. ஒரு படி வேறுபாட்டைக் கண்ணாற் காண முடியாதே என்று கேட்பீர்கள். உண்மை. எல்லை என்று ஒன்று வகுத்தால் எங்கேயாவது வகுக்கத்தானே வேண்டும்? ஆயின் நாகரிகம் என்று சொல்லி 153ஆம் படியில் எழுதுகின்றார்களே, அங்கே விகிதம் 2.85. அது எல்லைச் சண்டையன்று; எழுத்தை அழிப்பதற்கு அண்மையில் நிற்பது. நல்ல திரையிலே, நிழலான அறையிலே, இருபது வயதுக் கண்ணாலே அதை வரைந்தவர் படித்திருப்பார். யன்னலாலே மத்தியான வெயில் வந்து விழும் திரையிலே, கண்புரை தொடங்கிய ஒருவர் அதனைப் படிக்க முயலும்பொழுது அவர் பக்கத்தில் நிற்பதில்லை. முடக்கி வைத்த பொத்தானுக்கு இவ்விகிதக் கட்டுப்பாடு இல்லை. அது மங்கியிருப்பதே அதன் செய்தி. அதனால்தான் முடக்கப்படாத பொத்தானையும் மங்கலாக வரைவது இரட்டைப் பிழையாகின்றது. பார்ப்பவர் அதனை அமுக்கிப் பார்ப்பதுமில்லை.

இருண்ட ஒப்பனைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. வாலிபர் இவற்றை மிக விரும்புகின்றனர். 2016இல் விண்டோஸ் 10இலும் 2018இல் மக் ஓ.எஸ். மொஹாவேயிலும் இருண்ட நிலை அமைப்போடு சேர்ந்தே வந்தது. இரவிலே இருட்டறையில் இருந்து வேலை செய்வோருக்கு ஒளி குறைந்த திரை இதமாக இருக்கலாம். அதிற் குறை சொல்வதற்கில்லை. ஆயின் இருண்ட ஒப்பனையை நன்றாகச் செய்வது வெளிச்சமான ஒப்பனையைச் செய்வதிலும் கடினம். ஓர் உதாரணம்: தூய நீல நிறத்தில் உள்ள இணைப்பு எழுத்து வெள்ளைப் பின்னணியில் 8.59 விகிதம் பெறுகின்றது. அதே நீலம் கறுப்புப் பின்னணியில் 2.44க்கு இறங்கிவிடுகின்றது. ஆகவே வெள்ளையைக் கறுப்பாக்கிவிட்டு மற்ற நிறங்களை இருந்தபடியே விடுபவர் பாதி வேலைதான் செய்தவர். இன்னொரு தொல்லையும் உண்டு. சில செயலிகள் எழுத்தின் நிறத்தை ஒப்பனையிலிருந்து எடுத்துக்கொண்டு, பெட்டியின் பின்னணியை மாத்திரம் வெள்ளை என்று தாமே வைத்துக்கொள்ளும். இருண்ட ஒப்பனையின் எழுத்து வெள்ளை. செயலியின் பெட்டியும் வெள்ளை. வெள்ளைத் தாளில் வெள்ளைச் சோக்கினால் எழுதியது போலாகும். லினக்ஸிலே இருண்ட ஒப்பனையோடு பயர்பொக்ஸ் உலாவியைப் பாவித்தவர்கள் இணையப் படிவங்களில் இதனை நெடுங்காலம் அனுபவித்தார்கள். இதிற் குற்றம் ஒப்பனையுடையதா செயலியுடையதா என்று பட்டிமன்றம் வைக்கலாம். படிவத்தை நிரப்ப வந்தவருக்கு அந்தப் பட்டிமன்றத்தால் ஒரு பயனும் இல்லை.

கண்ணாடி போலத் தோன்றும் ஒப்பனைகளும் அவ்வாறே. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ராவின் 'ஏரோ' கண்ணாடி விளிம்பு புகழோடு வந்தது. 2012இல் விண்டோஸ் 8இலே அதன் கண்ணாடித் தன்மை நீக்கப்பட்டது. 2025இல் அப்பிள் 'லிக்குவிட் கிளாஸ்' என்னும் பெயரால் மீண்டும் கண்ணாடியைக் கொண்டு வந்தது. எழுத்துப் படிக்க முடியாமல் மங்குகின்றது என்று பலர் குறைகூறவே, அதே ஆண்டிலே வந்த திருத்தப் பதிப்பில் கண்ணாடியின் தெளிவைக் குறைத்துக்கொள்ளும் வழி ஒன்றும் வைக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் எது வரும் என்பது ஒப்பனைக்காரனின் கையில் இல்லை. அவன் வைத்துப் பார்த்த நீல வானத்தின்மேல் எழுத்து நன்றாகத்தான் தெரிந்திருக்கும். பாவிப்பவர் தம் பேரப்பிள்ளையின் படத்தையல்லவா வைக்கின்றார்!

இனி நமக்கே உரிய சோதனைக்கு வருவோம். அது தமிழ் எழுத்துச் சோதனை. ஒப்பனைகளிற் பெரும்பாலானவை இலத்தீன் எழுத்தை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. ஒப்பனையிற் குறித்த எழுத்துருவிலே தமிழ் இல்லாவிட்டால், இயங்குதளம் தன்னிடம் உள்ள வேறோர் எழுத்துருவிலிருந்து தமிழைக் கடன் வாங்கிக்கொள்ளும். விண்டோஸ் 2000உடன் வந்த 'லதா', விண்டோஸ் 8உடன் வந்த 'நிர்மலா', லினக்ஸிலே 'லோகித் தமிழ்', 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்று இவ்வாறு ஒன்று. கடன் வாங்கிய எழுத்துக்கு மேலும் கீழும் இடம் அதிகம் வேண்டும். இகர ஈகாரக் குறி மேலே வளைகின்றது; மெய்யின் புள்ளி மேலே நிற்கின்றது; 'பு', 'பூ' என்பவற்றின் வேறுபாடு கோட்டுக்குக் கீழே இருக்கின்றது. தெரிவுப்பட்டியின் வரிசை உயரத்தை இலத்தீன் எழுத்துக்கு இறுக்கமாக அளந்து வைத்த ஒப்பனையிலே புள்ளி வெட்டுப்பட்டுப் போகும். 'கல்' என்பது 'கல' ஆகும். குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு மறையும். மொழியிலே ஒரு புள்ளிக்குள்ள பெறுமதியை இச்சபைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தடித்த எழுத்து வேறொரு சங்கடம். எழுத்துருவிலே தடித்த வடிவம் இல்லாதபொழுது கணினி சாதாரண எழுத்தைத் தானே தடிப்பாக்கிக் காட்டும். சிறிய அளவிலே 'ண', 'ணை', 'ஐ' என்பவற்றின் சுழிகள் மைபூசியது போல அடைபட்டுவிடும். அகலச் சங்கடத்தை வாசிகசாலைப் பெரியவரிடத்தில் முன்னமே கண்டோம். ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தில் முடிவதை நாம் 'இரத்துச் செய்யவும்' என்று எழுதவேண்டியிருக்கின்றது. நல்ல ஒப்பனை பொத்தானின் அகலத்தை எழுத்திடம் விட்டுவிடும்; எழுத்து நீண்டால் பொத்தானும் நீளும். ஆகவே புதிய ஒப்பனை எதனையும் பார்க்கும்பொழுது இயங்குதளத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். 'ஸ்ரீ', 'கூட்டு', 'நீர்மூழ்கி' என்று சில கோப்புகளுக்குப் பெயர் வையுங்கள். ஐந்து நிமிடத்திலே வெளிச்சமாகிவிடும்.

அளவையும் இடத்தையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குறி எவ்வளவு சிறிதோ, எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு அதனை அடைய நேரம் செல்லும் என்பதை 1954இலே போல் பிற்ஸ் என்ற உளவியலாளர் அளந்து காட்டினார். ஒரு புள்ளி அகலத்தில் சாளர விளிம்பை வரைபவர்கள், அதனைப் பிடித்து இழுக்க வேண்டியவரின் கையை எண்ணிப் பார்ப்பதில்லை. தலைமயிர் போன்ற உருள்பட்டையும் அத்தகையதே. இடத்தைப் பொறுத்தவரை உபுண்டுவின் கதை பிரசித்தம். 2010 ஏப்பிரலில் வந்த 10.04 பதிப்பிலே புதிய ஒப்பனையோடு சாளரத்தை மூடும் பொத்தான் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போயிற்று. பாவனையாளர் பலர் எதிர்த்து வாதாடினர். 2017 ஒக்டோபரில் வந்த 17.10 பதிப்பிலே மீண்டும் வலப்பக்கத்துக்கு வந்தது. இடமா வலமா என்பதன்று விடயம். கை பழகிய இடத்தை மாற்றுபவர் அதற்குத் தக்க காரணம் காட்டல் வேண்டும்.

சின்னப் படங்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. பெரிதாக வரைந்த படத்தை இயந்திரத்தாற் சுருக்கினால் 16 புள்ளி அளவிலே அது அழுக்குப் பொட்டாகிவிடும். 2005இல் தொடங்கிய 'ராங்கோ' என்ற முயற்சியினர் சிறிய அளவுகளுக்குத் தனித்தனியே வரையும் ஒழுக்கத்தை வலியுறுத்தினார்கள். இன்றைய வழக்கமோ எல்லாச் சின்னங்களையும் ஒரே வட்டச்சதுரத்துக்குள் அடைப்பது. ஒரே சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையில் நிற்பது பார்வைக்கு அழகுதான். தன் பிள்ளையைத் தேடும் தாய்க்குத்தான் தொல்லை.

இவ்விடத்திலே ஒரு வழக்கைக் கூறல் வேண்டும். 2019 மே மாதத்தில், க்னோம் தளத்துக்குச் செயலி செய்வோர் பலர் கூடி ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். "எங்கள் செயலிகளுக்கு நீங்கள் ஒப்பனை செய்து வெளியிட வேண்டாம்" என்பது அதன் சாரம். தாம் சோதித்துப் பாராத ஒப்பனையினால் எழுத்து மறைகின்றது, பொத்தான் உடைகின்றது. பாவிப்பவரோ செயலியையே குறை சொல்கின்றார் என்பது அவர்களது முறைப்பாடு. தனி மனிதர் தம் கணினியிலே என்ன செய்தாலும் தமக்கு ஆட்சேபமில்லை, இயங்குதளத்தை விநியோகிப்போரே இதனைச் செய்யலாகாது என்றும் அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். பின்னர் 2021 டிசெம்பர் 31இல் 'லிப்அத்வைத்தா' என்ற நூலகத்தின் முதற்பதிப்பு வந்தது. அதனைக் கொண்டு செய்த செயலிகள் தமக்குரிய ஒப்பனையைத் தாமே சுமந்து வருகின்றன. வெளி ஒப்பனை அவற்றை எளிதிலே தீண்டுவதில்லை. பெயரைக் கேட்டுச் சங்கரரை நினையாதீர்கள் என்று சொல்லமாட்டோம். 'அத்வைத்த' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்தே அப்பெயர் எடுக்கப்பட்டது.

இவ்வழக்கிலே நம் தீர்ப்பு யாது? செயலி செய்வோரின் முறைப்பாடு நியாயமானது. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் வேண்டியதிலும் அதிகம் என்பது எம் கருத்து. கண் மங்கியவருக்கு மஞ்சள் எழுத்தும் கறுப்புப் பின்னணியும் வேண்டும். வேறொருவருக்கு வெளிச்சமே ஆகாது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே உடுப்பைத் தைக்கும் தையற்காரன் இன்னும் பிறக்கவில்லை. மாற்றும் உரிமை வேண்டும். அந்த உரிமையைக் கேட்பவர்களோ மாற்றுவதைச் செம்மையாய்ச் செய்தல் வேண்டும். செம்மையற்ற ஒப்பனைகளாலேதான் அவ்வுரிமை சுருங்கிக்கொண்டு வருகின்றது. வாலிபர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

இறுதியாகப் பாதுகாப்பு. ஒப்பனை என்றால் நிறமும் படமுந்தானே, அதனால் என்ன கேடு வரப்போகின்றது என்று எண்ணிக்கொண்டிருந்தோருக்கு 2024 மார்ச்சில் ஓர் அதிர்ச்சி வந்தது. கே.டீ.ஈ. பிளாஸ்மா தளத்துக்கென அதன் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்த முழு ஒப்பனை ஒன்றைப் பாவனையாளர் ஒருவர் நிறுவினார். அவருடைய கோப்புகள் அனைத்தும் அழிந்துபோயின. இணைத்து வைத்திருந்த வேறு வட்டுகளில் இருந்தவையும் போயின. வஞ்சகமாகச் செய்ததன்று, கவனமின்றி எழுதப்பட்ட கட்டளையின் விளைவு என்றே பின்னர் கருதப்பட்டது. முழு ஒப்பனை என்பது நிறப்பட்டியல் மாத்திரமன்று. அதனுள்ளே கட்டளைகளும் சிறு செயலிகளும் ஓடுகின்றன. பாவிப்பவருக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அவற்றுக்கும் உண்டு. கே.டீ.ஈ.யாரும் அவ்வேளையில் இதனை எடுத்துச் சொல்லி எச்சரித்தார்கள். ஆகவே நிறத்தொகுதி மாத்திரம் போதுமாயின் நிறத்தொகுதியை மாத்திரம் நிறுவுக. முழு ஒப்பனை வேண்டுமாயின் அது எவ்வளவு காலமாகப் பேணப்படுகின்றது, கடைசியாக எப்பொழுது திருத்தப்பட்டது, குறை சொன்னவர்களுக்குச் செய்தவர் என்ன விடை கொடுத்தார் என்று பார்த்தல் வேண்டும். கோப்புகளுக்கு வேறோர் இடத்திற் பிரதி இருத்தல் வேண்டும். இத்தனையும் பார்த்தபின், படம் எவ்வளவு வடிவு என்று பார்க்கலாம்.

எத்தனை நாள் வைத்துப் பார்ப்பது என்று கூட்டத்துக்கு முன்னர் ஒரு தம்பி கேட்டார். ஒரு கிழமை போதும். முதல்நாள் எந்த ஒப்பனையும் மகிழ்ச்சி தரும். மூன்றாம் நாளிலே பிழைச் செய்தி ஒன்று வரும், அச்சிடும் பெட்டி ஒன்று திறக்கும், எங்கோ ஒரு மூலையிலே எழுத்து மறையும். ஏழாம் நாளும் ஒப்பனை கண்ணிற் படாமல் வேலை மாத்திரம் நடந்துகொண்டிருந்தால் அதனை வைத்துக்கொள்ளலாம். அதற்கிடையில் ஒரு நாள் வீட்டிலே வயதில் மூத்தவரைக் கூப்பிட்டு இருத்தி, அவருக்குத் தெரிந்த ஒரு வேலையைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்; வாய் திறந்து உதவி செய்யாதீர்கள்.

வாசிகசாலை போன்று பலர் பாவிக்கும் கணினிக்கு மாத்திரம் ஒரு யோசனை. அதிலே இருவகைக் கணக்குகள் திறக்கலாம். பொதுக் கணக்கிலே இயங்குதளத்தோடு வந்த ஒப்பனையே இருக்கட்டும். எழுத்தை மாத்திரம் சிறிது பெரிதாக்கி வையுங்கள். விண்டோஸ் 11 ஆயின் 'கொன்ராஸ்ற் தீம்ஸ்' என்ற பெயரில் நான்கு உயர்வேறுபாட்டு ஒப்பனைகள் அதனுடனேயே வருகின்றன. அவற்றை எடுக்கும் வழியை ஒரு தாளில் எழுதித் திரையின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மற்றையவை வாலிபர்களின் சொந்தக் கணக்குகள். அவற்றிலே அவர்கள் விரும்பிய ஒப்பனையைப் போட்டுக்கொள்ளட்டும், 1992ஆம் ஆண்டுச் சிவப்பும் மஞ்சளுமாயினும் சரியே.